கூரஸ் செல்வோருக்கு: ஒரு ஸ்காட்லாந்துச் சிற்றூரைப் பார்த்தறியும் வழி

ஸ்காட்லாந்துக்குப் படிக்கவோ வேலை பார்க்கவோ வருகிறவர்கள் முதல் ஆண்டுக்குள் எடின்பரோ கோட்டையையும் ஹைலேண்ட்ஸ் மலைகளையும் பார்த்து முடித்துவிடுகிறார்கள். அதன் பிறகு, பழைய கிராமம் ஒன்றைப் பார்க்க வேண்டும், எங்கே போகலாம் என்று கேட்பவர்களுக்கு நான் தயங்காமல் சொல்லும் பெயர் கூரஸ். ஃபைஃப் பகுதியின் தென்மேற்கு ஓரத்தில், ஃபோர்த் கழிமுகத்தின் வடகரையில், ஏறக்குறைய நானூறு பேர் வாழும் ஊர் அது. மஞ்சள் சுண்ணாம்பு பூசிய மாளிகை, செவ்வோட்டுக் கூரைகள், கற்கள் பாவிய சந்துகள் என்று எல்லாமே படம் எடுக்கத் தோதாக இருப்பதால், வருகிறவர்களில் பெரும்பாலோர் ஒரு மணி நேரத்தில் படம் எடுத்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். நானும் முதல் முறை அப்படித்தான் செய்தேன். ஊரைப் பார்த்தேனே தவிர அதைப் பற்றி ஒன்றும் அறியாமலே திரும்பினேன்.

நிலக்கரி வெட்டி, உப்புக் காய்ச்சி, இரும்பு அடித்து விற்றுப் பிழைத்த தொழில் நகரம் கூரஸ். புகையும் கரியும் மூடிக் கிடந்த அந்த நகரம் நொடித்துப் போனது. பழைய வீடுகளை இடித்துப் புதியன கட்ட ஊரார் கையில் காசு இல்லாததால் 17-ஆம் நூற்றாண்டின் தோற்றத்தோடு அப்படியே நின்றுவிட்டது. இன்று நாம் ரசிக்கும் அழகு அந்த வறுமை காப்பாற்றித் தந்த அழகு. இதை மனத்தில் வைத்துக்கொண்டு ஊரைச் சுற்றினால் ஒவ்வொரு சுவரும் ஏதாவது சொல்லும். அரை நாளில் அப்படிச் சுற்றி வருவதற்கான வழியைக் கீழே வரிசையாகத் தருகிறேன்.

புறப்படும் முன்

முதலில் பெயரைச் சரியாகச் சொல்லப் பழகிக்கொள்ளுங்கள். Culross என்ற ஆங்கில எழுத்தைப் பார்த்து 'கல்ராஸ்' என்று படிக்கத் தோன்றும்; ஊரார் 'கூரஸ்' என்றுதான் சொல்கிறார்கள். பேருந்து ஓட்டுநரிடம் நான் எழுத்துக் கூட்டிச் சொன்னபோது அவர் மூன்று முறை கேட்டுவிட்டு, கடைசியில் என் கைப்பேசியில் இருந்த வரைபடத்தைப் பார்த்துத்தான் பயணச்சீட்டுக் கொடுத்தார்.

அடுத்து, தெருப் பெயர்களில் வரும் சில ஸ்காட்ஸ் மொழிச் சொற்களைத் தெரிந்துகொள்வது நல்லது. அவை தெரிந்தால் பாதி வரலாறு பெயர்ப்பலகையிலேயே கிடைத்துவிடும். 'வைண்ட்' என்பது குறுகிய சந்து, 'பிரே' என்பது ஏற்றம், 'காஸ்வே' என்பது கல் பாவிய தெரு, 'கிர்க்' என்பது தேவாலயம், 'மெர்காட்' என்பது சந்தை. கூரஸில் 'டான்ஹவுஸ் பிரே' என்று ஒரு தெரு இருக்கிறது. தோல் பதனிடும் கூடம் இருந்த ஏற்றம் என்று பொருள். 'ஸ்டிங்கிங் வைண்ட்' என்றும் ஒரு சந்து உண்டு. நாற்றச் சந்து என்பதைத் தவிர அதற்கு வேறு பொருள் சொல்ல முடியாது. கடற்கரையை ஒட்டிய திடலுக்குப் பெயர் 'சாண்ட்ஹேவன்', அதாவது மணல் துறை. ஒரு காலத்தில் படகுகள் வந்து நின்ற இடம்.

எடின்பரோவிலிருந்து செல்வோர் டன்ஃபெர்ம்லினுக்கு ரயிலில் சென்று, அங்கிருந்து பேருந்தில் போவது எளிது. ரயில் 1890-இல் திறக்கப்பட்ட ஃபோர்த் பாலத்தின் மீது செல்லும் என்பதால் அந்தப் பயணமே பார்க்கத் தக்கது. கூரஸுக்கும் ரயில் நிலையம் இருந்தது. 1906-இல் திறந்து 1930-இல் பயணிகளுக்கு மூடிவிட்டார்கள். தண்டவாளம் மட்டும் ஊருக்கும் கடலுக்கும் நடுவே இன்னும் கிடக்கிறது. ஸ்காட்லாந்தில் வசிக்கும் 22 வயதுக்கு உட்பட்டவர்களுக்குப் பேருந்துப் பயணம் இலவசம். மாணவர்கள் அதற்குரிய அட்டையை முன்கூட்டியே வாங்கி வைத்துக்கொள்ளலாம். மாலையிலும் ஞாயிற்றுக்கிழமையிலும் பேருந்துகள் குறைவு என்பதால், ஊரில் இறங்கியவுடன் திரும்பும் நேரத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். காரில் வருவோர் ஊரின் ஓரத்திலுள்ள நிறுத்துமிடங்களில் வண்டியை விட்டுவிட்டு நடப்பதே முறை. உள்தெருக்கள் குதிரையும் கைவண்டியும் போவதற்காகப் போடப்பட்டவை.

காலணியைப் பற்றி ஒரு வார்த்தை. பாவுகற்கள் மழையில் எண்ணெய் பூசியது போல வழுக்கும். ஸ்காட்லாந்தில் மழை பெய்யாத நாளை நம்பிக் கிளம்ப முடியாது. அடியில் பிடிப்புள்ள காலணி இல்லாமல் மேட்டுத் தெருவில் இறங்காதீர்கள். மாளிகை குளிர்காலத்தில் பெரும்பாலும் மூடியிருக்கும். திறக்கும் நாட்களும் நேரமும் ஆண்டுக்கு ஆண்டு மாறுவதால் கிளம்பும் முன் பார்த்துவிட வேண்டும்.

கரையில் தொடங்குங்கள்

எல்லோரும் மாளிகையில் தொடங்குகிறார்கள். நீங்கள் அதைத் தாண்டி, தண்டவாளத்தைக் கவனமாகக் கடந்து, முதலில் கடற்கரைக்குச் செல்லுங்கள். ஊருக்குச் சோறு போட்டது இந்தக் கரைதான்.

கழிமுகத்துக்கு அடியில் நிலக்கரி இருப்பது அறிந்த செய்தியாக இருந்தது. மேட்டின் மீதிருந்த மடத்துத் துறவிகளே முன்பு கரி வெட்டியிருக்கிறார்கள். ஆனால் கடலுக்கு அடியில் சென்று வெட்டும் துணிவும் பணமும் ஒருவருக்கு வாய்த்தன. அவர் ஜார்ஜ் புரூஸ். 1575-இல் மடத்தின் பழைய சுரங்கத்தைக் குத்தகைக்கு எடுத்த அவர், கரையிலிருந்து கடலடி நோக்கிச் சுரங்கத்தை நீட்டிச் சென்றார். காற்றோட்டத்துக்கும் கரியை வெளியே எடுப்பதற்கும் கடலுக்குள்ளேயே கற்களால் வட்டமாக ஒரு செயற்கைத் தீவைக் கட்டி, அதன் நடுவே கிணறு போல ஒரு குழியை இறக்கினார். கப்பல்கள் நேரே அந்தத் தீவில் வந்து நின்று கரியை ஏற்றிச் சென்றன. கரியைக் கரைக்குக் கொண்டுவந்து, வண்டியில் ஏற்றி, மீண்டும் படகில் ஏற்றும் வேலை அத்தனையும் மிச்சம். 16-ஆம் நூற்றாண்டின் கடைசிப் பத்தாண்டில் இப்படி ஒருவர் யோசித்திருக்கிறார் என்பது எனக்கு இன்றும் வியப்பாக இருக்கிறது.

கடலடிச் சுரங்கத்தில் கசியும் நீரை என்ன செய்வது? கரையிலிருந்த குழியில் மூன்று குதிரைகள் சுற்றும் சக்கரம் ஒன்றை அமைத்து, அதில் ஒரு சங்கிலியில் 36 வாளிகளைக் கோத்திருந்தார்கள். 18 வாளிகள் நீரோடு மேலே வர, 18 வாளிகள் காலியாகக் கீழே இறங்கும். நம் ஊர்க் கவலை ஏற்றத்தைப் பார்த்தவர்களுக்கு இது எப்படி இயங்கியிருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. 1618-இல் இங்கு வந்த ஜான் டெய்லர் என்ற ஆங்கிலக் கவிஞர் உள்ளே இறங்கிப் பார்த்து, இந்த வாளிக் கணக்கையும் சேர்த்து எழுதி வைத்திருப்பதால்தான் நமக்கு இவ்வளவு தெரிகிறது.

அதற்கு முந்தைய ஆண்டு, 1617-இல், அரசர் ஆறாம் ஜேம்ஸ் வந்தார். 1603-இல் இங்கிலாந்தின் அரியணையும் கிடைத்து லண்டனுக்குப் போனவர், அதன் பிறகு தாய்நாட்டுக்கு வந்தது அந்த ஒரு முறைதான். அவரைக் கரையிலிருந்து சுரங்கத்துக்குள் அழைத்துச் சென்று, கடல் நடுவே இருந்த தீவின் வழியாக மேலே ஏற்றியிருக்கிறார்கள். நாற்புறமும் தண்ணீரைக் கண்ட அரசர், தம்மைக் கொல்லச் சதி நடக்கிறது என்று எண்ணி 'துரோகம்!' என்று கூவினாராம். புரூஸ் அமைதியாக, அருகில் தயாராக நின்ற படகைக் காட்டி, வந்த வழியே போவதா படகில் போவதா என்பது அரசரின் விருப்பம் என்றாராம். வழிவழியாகச் சொல்லப்படும் கதை இது. ஆனால் ஜேம்ஸின் வாழ்வில் கொலைச் சதிகள் உண்மையாகவே நடந்தவை என்பதால், அவர் பயந்திருப்பார் என்பதை நம்புவதில் எனக்குத் தயக்கம் இல்லை.

1625-இல் பெரும்புயல் ஒன்று தீவை உடைத்துச் சுரங்கத்தை மூழ்கடித்தது. அதே ஆண்டில் அரசரும் இறந்தார், ஜார்ஜ் புரூஸும் இறந்தார். அந்தச் சுரங்கம் பிறகு எழவே இல்லை. கடல் வற்றும் நேரத்தில் கரைக்கு அப்பால் சேற்றில் அதன் அடிக்கற்கள் தெரியும். அருகில் போய்ப் பார்க்க ஆசை வரும், போகாதீர்கள். கழிமுகச் சேறு காலை வாங்கும், நீர் திரும்பி ஏறுவது தெரியாமல் ஏறும். கரையில் நின்று பார்ப்பதே போதும்.

கரியின் தோழன் உப்பு. நமக்கு உப்பு என்றதும் வெயிலும் பாத்தியும் நினைவுக்கு வரும். இங்கே வெயிலை நம்பி உப்பு எடுக்க முடியாது. எனவே கடல்நீரை அகன்ற இரும்புத் தட்டுகளில் ஊற்றி, அடியில் கரி எரித்துக் காய்ச்சினார்கள். விற்க முடியாத தூள் கரி இதற்குப் பயன்பட்டதால் சுரங்கமும் உப்புக் கூடமும் ஒரே முதலாளியிடம் இருப்பது இலாபம். நீரிலுள்ள அழுக்கை நுரையாக மேலே கொண்டுவர மாட்டு இரத்தம் சேர்ப்பார்கள். நுரையை வழித்தெறிந்துவிட்டு மேலும் காய்ச்சினால் உப்புப் படியும். வாரத்துக்கு 90 முதல் 100 டன் உப்பு இங்கே விளைந்ததாக டெய்லர் கணக்குச் சொல்கிறார். இன்று ஓவியம் போல நிற்கும் இந்தக் கரையில் அப்போது கூடங்களின் புகை வானத்தை மறைத்திருக்கும். ஓய்வுநாளான ஞாயிறன்றும் அடுப்பை அணைக்காத உப்புக் காய்ச்சுவோருக்கும் தேவாலயத்துக்கும் இடையே இந்தக் கரையோர ஊர்களில் ஓயாத வழக்கு இருந்தது.

அந்த வேலையைச் செய்தவர்கள் யார் என்பதையும் இங்கேயே தெரிந்துகொண்டு நகருங்கள். 1606-இல் ஸ்காட்லாந்துப் பாராளுமன்றம் இயற்றிய சட்டத்தின்படி, கரித் தொழிலாளியையும் உப்புத் தொழிலாளியையும் பழைய முதலாளியின் சான்றுக் கடிதம் இல்லாமல் வேறு யாரும் வேலைக்கு வைக்கக் கூடாது. ஒருவர் ஓடிப்போனால் ஓர் ஆண்டும் ஒரு நாளும் கடப்பதற்குள் பழைய முதலாளி அவரைத் திரும்பக் கேட்டுப் பெறலாம். முன்பணம் வாங்கிவிட்டு ஓடியவர் என்பதால் அவர் திருடராகவே கருதப்பட்டார். வாழ்நாள் முழுதும், பல இடங்களில் பிள்ளைகள் தலைமுறையிலும், சுரங்கத்தோடு கட்டப்பட்ட வாழ்வு அது. 1775-இலும் 1799-இலும் வந்த சட்டங்களே அந்தக் கட்டை அவிழ்த்தன. அடுத்து நீங்கள் காணப்போகும் மாளிகையின் பணம் இந்தக் கைகளிலிருந்து வந்தது.

மாளிகை

'கூரஸ் பேலஸ்' என்ற பெயரைக் கேட்டு அரண்மனையை எதிர்பார்த்துப் போகிறவர்கள் ஏமாந்து போவார்கள். அரசர் யாரும் வாழ்ந்த இடமில்லை. ஜார்ஜ் புரூஸ் என்ற வணிகர் தமக்குக் கட்டிக்கொண்ட வீடு. உள்ளே போகும் முன் வெளியில் நின்று மேல்மாடிச் சன்னல்களின் முகப்பைப் பாருங்கள். ஒன்றில் புரூஸின் பெயரின் முதலெழுத்துகள் இரண்டும் 1597 என்ற ஆண்டும் இருக்கும். இன்னொன்றில் 1611 என்ற ஆண்டு. ஆனால் எழுத்துகள் மூன்று. இடையில் அவருக்குச் 'சர்' பட்டம் கிடைத்துவிட்டது. அந்த ஒற்றை எழுத்தைச் சேர்க்கக் கல்தச்சரிடம் சொல்ல அவர் மறக்கவில்லை. கரி விற்றுப் பெரிய மனிதரான ஒருவரின் பெருமிதம் அந்த ஒரு கல்லில் இருக்கிறது.

உள்ளே அறைகள் தாழ்வாகவும் சிறியனவாகவும் இருக்கும். உயரமானவர்கள் தலையைக் கவனித்துக்கொள்ள வேண்டும். மூன்று இடங்களில் மட்டும் நின்று பார்க்கச் சொல்வேன். ஒன்று, கல் வளைவுக் கூரையும் இரும்புக் கதவும் கொண்ட பெட்டக அறை. தீப்பிடித்தாலும் கணக்கேடும் பணமும் தப்ப வேண்டும் என்று கட்டியது. இரண்டாவது, மரக் கூரையில் வண்ணம் தீட்டிய அறை. நன்னெறி சொல்லும் 16 படங்கள், ஒவ்வொன்றுக்கும் கீழே ஒரு பாடம். நானூறு ஆண்டுகள் கடந்த அந்த வண்ணங்கள் மங்கித்தான் இருக்கின்றன. கண் அந்த அரையிருளுக்குப் பழகும்வரை காத்திருந்தால் உருவங்கள் ஒவ்வொன்றாக வெளிவரும். மூன்றாவது, சன்னல்கள். மேல்பாதிக்கு மட்டும் ஈயச் சட்டத்தில் கண்ணாடி, கீழ்ப்பாதிக்கு மரக்கதவு. கண்ணாடி அவ்வளவு விலை.

சுவர்ப் பலகைகள் பால்டிக் கடலோர நாடுகளின் பைன் மரம். கூரையின் சிவப்பு ஓடுகளின் கதை இன்னும் சுவையானது. கரியும் உப்பும் ஏற்றி நெதர்லாந்துப் பக்கம் போன கப்பல்கள் காலியாகத் திரும்பினால் அலையில் நிலைகுலையும். எனவே அடிப்பாரமாக ஓடுகளை ஏற்றி வந்தன. அந்தப் பாரம்தான் ஃபைஃப் கரையோர ஊர்களுக்கே உரிய செவ்வோட்டுக் கூரையாயிற்று. கூரை முடியும் இடத்தில் சுவர் படிப்படியாக ஏறுவதையும் பார்ப்பீர்கள்; அதைக் 'காக்கைப் படி' என்று இங்கே சொல்கிறார்கள்.

இந்த வீட்டை 1932-இல் ஸ்காட்லாந்து தேசிய அறக்கட்டளை 700 பவுண்டுக்கு வாங்கியது. அறக்கட்டளை தொடங்கி அப்போது ஓராண்டுதான் ஆகியிருந்தது. பிறகு ஊரின் சிறு வீடுகளையும் ஒவ்வொன்றாக வாங்கிச் செப்பனிட்டு, தோற்றத்தை மாற்றக் கூடாது என்ற நிபந்தனையோடு குடியிருப்போருக்கு விற்றார்கள். ஊர் பொம்மைக் கண்காட்சி ஆகிவிடாமல் ஆட்கள் வாழும் இடமாக இருப்பதற்கு அந்த முடிவே காரணம் என்பது என் எண்ணம். ஆண்டு முழுதும் இத்தகைய இடங்களுக்குச் செல்பவராக இருந்தால் தனித்தனியே நுழைவுச்சீட்டு வாங்குவதைவிட அறக்கட்டளையில் உறுப்பினராவது மலிவு. பின்புறத் தோட்டத்தையும் விட்டுவிடாதீர்கள். 17-ஆம் நூற்றாண்டில் ஒரு வீட்டுக்கு வேண்டிய காய்கறியும் மூலிகையும் எப்படி வளர்ந்திருக்குமோ அப்படி மேட்டுப் பாத்திகளில் வளர்க்கிறார்கள். குட்டைக் கால் கொண்ட ஸ்காட்லாந்து நாட்டுக் கோழிகளும் அங்கே மேயும்.

நகர மன்றமும் சந்தைத் தூணும்

மாளிகையிலிருந்து சில அடிகளில் சாண்ட்ஹேவன் திடல். அங்கே வெள்ளை மணிக்கூண்டுடன் நிற்பது நகர மன்றம். கட்டடம் 1626-ஐச் சேர்ந்தது. கூண்டு 1783-இல் சேர்த்தது. 1592-இல் ஆறாம் ஜேம்ஸ் கூரஸுக்கு அரச நகரம் என்ற தகுதி கொடுத்தார். வெளிநாட்டு வணிகம் செய்யும் உரிமை அதோடு வரும். 1975 வரை இந்தச் சிற்றூர் தனக்கென நகர மன்றம் வைத்திருந்தது. கீழ்த்தளத்தில் கடனாளிகளை அடைத்தார்கள். சூனியக்காரிகள் என்று குற்றம் சாட்டப்பட்ட பெண்களைக் கூரைக்கு அடியிலிருந்த அறையில் வைத்தார்கள். 1563 முதல் 1736 வரை சூனியம் ஸ்காட்லாந்தில் மரண தண்டனைக் குற்றம். 1675-இல் இந்த ஊரின் நான்கு பெண்கள் விசாரணைக்குக் கொண்டுசெல்லப்பட்டார்கள். வெயில் காலத்தில் திடலின் பெஞ்சில் அமர்ந்து ஐஸ்கிரீம் சாப்பிடுகிறவர்களில் எத்தனை பேர் தலையை நிமிர்த்தி அந்தக் கூரையைப் பார்க்கிறார்கள் என்று தெரியவில்லை.

திடலில் ஒரு மார்பளவுச் சிலை இருக்கும். கூரஸில் சிறுவயதைக் கழித்த கடற்படைத் தலைவர் தாமஸ் காக்ரன் அவர். சிலி, பெரு, பிரேசில், கிரேக்கம் ஆகிய நாடுகளின் விடுதலைப் போர்களில் கப்பற்படை நடத்தியவர். அவருடைய தந்தை ஆர்ச்சிபால்ட் காக்ரனின் கதைதான் இந்த ஊருக்கு நெருக்கமானது. நிலக்கரியிலிருந்து தார் எடுக்கும் முறைக்கு 1781-இல் காப்புரிமை பெற்ற அவர், கப்பல்களின் அடிப்பாகத்தைப் புழு அரிக்காமல் காக்க அது உதவும் என்று கூரஸில் சூளைகளைக் கட்டினார். கடற்படையோ அடிப்பாகத்துக்குச் செப்புத் தகடு அடிக்கத் தொடங்கிவிட்டது. சொத்து கரைந்தது. இந்த ஊரில் யோசனை கெட்டிக்காரத்தனமாக இருந்தும் காலம் கைவிட்டவர்களின் வரிசையில் அவருக்கும் இடமுண்டு.

நகர மன்றத்தின் பின்னால் மேலேறும் பேக் காஸ்வேயில் தரையைப் பார்த்து நடங்கள். நடுவில் பெரிய கற்கள் வரிசையாகச் சற்று உயர்ந்திருக்கும். இருபுறமும் சிறிய கற்கள் சரிவாக இறங்கும். உயர்ந்த நடுவரிசை செல்வந்தர் நடப்பதற்கு. மற்றவர் ஓரத்தில், சாக்கடை நீரிலும் குப்பையிலும் நடக்க வேண்டும். தெருவே ஆளைத் தராதரம் பார்த்தது என்பதற்குக் கல்லில் எழுதிய சாட்சி. தெரு முடியும் இடத்தில் சந்தைத் தூண். 1588-ஐச் சேர்ந்த அடிப்பீடத்தின் மீது பிற்காலத்தில் மாற்றிய தூண், உச்சியில் ஸ்காட்லாந்தின் தேசிய விலங்கான ஒற்றைக்கொம்புக் குதிரை.

தூணைச் சுற்றியுள்ள வீடுகளில் வாசல் மேற்கல்லைப் படித்துக்கொண்டே போவது நல்ல பழக்கம். ஆண்டும் இரண்டு சோடி முதலெழுத்துகளும் இருந்தால், அது அங்கே குடிவந்த தம்பதியரின் பெயர். இரண்டு குடும்பப் பெயர்களும் வேறுவேறாக இருப்பதைக் கண்டு குழம்ப வேண்டாம். ஸ்காட்லாந்துப் பெண்கள் திருமணத்துக்குப் பிறகும் பிறந்த வீட்டுப் பெயரையே ஆவணங்களில் வைத்துக்கொண்டார்கள். மூக்குப்பொடி வணிகர் ஒருவரின் வீட்டில், 'யார் நினைத்திருப்பார் இதை?' என்ற பொருளில் ஸ்காட்ஸ் மொழியில் ஒரு வரி மட்டும் இருக்கும். 'வாங்கித் தந்தவை மூக்குகள்' என்ற அடுத்த வரியை அவர் எடின்பரோவில் வாங்கிய வீட்டில் பொறித்தார் என்பார்கள்.

மேட்டில் ஏறுங்கள்

இனி டான்ஹவுஸ் பிரே வழியாக மேலேறுங்கள். மூச்சு வாங்கும், வழியில் முட்டை வடிவச் சன்னல்கள் இரண்டு கண்களைப் போல முறைக்கும் ஒரு வீட்டின் முன் நின்று இளைப்பாறலாம். மேலே சிஸ்டர்சியன் என்ற கத்தோலிக்கப் பிரிவுத் துறவிகளின் மடம். 1217-இல் ஃபைஃப் பிரபு மால்கம் நிறுவியது. 1560-இல் சமயச் சீர்திருத்தம் வந்த பிறகு மடம் கலைந்தது; துறவிகள் பாடிய கிழக்குப் பகுதி 1633-இல் ஊர்த் தேவாலயமாயிற்று, மேற்குப் பகுதி இடிபாடாக நிற்கிறது. இடிபாட்டைப் பார்க்கக் கட்டணம் இல்லை. தேவாலயத்தில் இன்றும் வழிபாடு நடப்பதால் அந்த நேரத்தில் சுற்றிப் பார்க்க நுழையக் கூடாது.

மடத்துக்கு முன்பே இந்த இடத்துக்குப் புனிதம் உண்டு. கருவுற்ற இளவரசி தெனியூவை அவள் தந்தை ஒரு தோல் படகில் வைத்துக் கடலில் விட, படகு கூரஸில் ஒதுங்கியது என்றும், அவள் பெற்ற மகனைப் புனித செர்ஃப் வளர்த்து 'முங்கோ', அதாவது என் கண்ணே, என்று அழைத்தார் என்றும் மரபு. அந்த முங்கோதான் பின்னர் கிளாஸ்கோ நகரின் காவல் புனிதர் ஆனார்.

தேவாலயத்துக்குள் ஜார்ஜ் புரூஸின் கல்லறையைத் தேடுங்கள். புரூஸும் மனைவி மார்கரெட்டும் அலபாஸ்டர் என்ற வெண்கல்லில் செதுக்கிய சிலைகளாகப் படுத்திருக்க, முன்னால் எட்டுப் பிள்ளைகளும் வரிசையாக மண்டியிட்டிருப்பார்கள். அவருடைய அண்ணன் மகன் எட்வர்ட் 1613-இல் நெதர்லாந்தில் ஒற்றைக்கு ஒற்றை வாட்போரில் இறந்தார். அவர் இதயத்தை மட்டும் வெள்ளிப் பேழையில் வைத்து இங்கே கொண்டுவந்து புதைத்தார்கள். 1808-இல் அந்தப் பேழை கண்டெடுக்கப்பட்டது.

வெளியே கல்லறைத் தோட்டத்தில் சுத்தியலும் அதன் மேல் கிரீடமும் செதுக்கிய கற்கள் தென்படும். அவை இரும்புத் தொழிலாளர் சங்கத்தாரின் அடையாளம். ஓட்ஸ் ரொட்டி சுடும் வட்ட இரும்புத் தட்டு இந்த ஊரின் மூன்றாவது தொழில். 'கர்டில்' என்பது அதன் பெயர். தோசைக்கல்லுக்கு வாளியின் வளைபிடி வைத்தது போல இருக்கும், அடுப்புக்கு மேல் கொக்கியில் தொங்கவிடலாம். 1599-இல் அதைச் செய்யும் தனியுரிமை கூரஸுக்குக் கிடைத்தது; 1666-இல் இரண்டாம் சார்லஸ் உறுதிப்படுத்தினார். 18-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் நீதிமன்றம் அந்தத் தனியுரிமையைப் பறித்தது. 1759-இல் கழிமுகத்துக்கு அப்பால் கேரன் இரும்பு வார்ப்பாலை தொடங்கி, வார்ப்பிரும்புச் சாமான்கள் மலிவாகக் குவிந்த பிறகு கையால் அடித்த தட்டுக்கு விலை போகவில்லை.

நடத்தையும் ஆவணமும்

2003-ஆம் ஆண்டுச் சட்டப்படி ஸ்காட்லாந்தில் வயல்வெளிகளிலும் மலைகளிலும் எவரும் நடந்து செல்லலாம். வீட்டுத் தோட்டங்களுக்கு அந்த உரிமை பொருந்தாது. கூரஸில் வாசல்கள் தெருவை ஒட்டியே இருப்பதால், சன்னல் வழியே எட்டிப் பார்ப்பது வருகிறவர்கள் வழக்கமாகச் செய்யும் தவறு. உள்ளே ஒருவர் காலைச் சாப்பாடு சாப்பிட்டுக்கொண்டிருக்கக் கூடும். படப்பிடிப்புக்காகச் சில நாட்களில் தெருக்களை மூடிவிடுவதும் உண்டு.

பழைய ஆவணங்களில் இந்த ஊரைத் தேடுவோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஃபைஃபின் ஓரத்தில் இருந்தாலும் 1891-இல் எல்லைகள் திருத்தப்படும்வரை கூரஸ் பெர்த்ஷயர் மாவட்டத்தின் தனித்த துண்டாக இருந்தது. அதற்கு முந்தைய பதிவேடுகளையும் குடிமதிப்புக் கணக்கையும் பெர்த்ஷயரில்தான் தேட வேண்டும்.

நேரம் மிச்சமிருந்தால்

மீண்டும் கரைக்கு இறங்கி, ஃபைஃப் கடலோரப் பாதையில் கிழக்கே நடங்கள். எதிர்க்கரையில் கிரேஞ்ச்மவுத் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையின் கோபுரங்கள் தெரியும். 2025 ஏப்ரலில் அங்கே கச்சா எண்ணெய் சுத்திகரிப்பு நின்றது. திரும்பி மேற்கே பார்த்தால், ஒரு காலத்தில் லாங்கானெட் அனல்மின் நிலையத்தின் புகைபோக்கி தெரிந்த இடம் வெறும் வானமாக இருக்கும். 2002-இல் வெள்ளம் புகுந்து லாங்கானெட் நிலக்கரிச் சுரங்கம் மூடியது, 2016-இல் மின்நிலையம் மூடியது, 2021 டிசம்பரில் புகைபோக்கியைத் தகர்த்தார்கள். 1625-இல் ஜார்ஜ் புரூஸின் சுரங்கத்துக்கு நேர்ந்ததே 377 ஆண்டுகள் கழித்து அதே கரையில் லாங்கானெட் சுரங்கத்துக்கும் நேர்ந்தது.

பாதை வேலிஃபீல்டு என்ற ஊரைத் தொடும். 1939 அக்டோபர் 28 அன்று அங்கே சுரங்க வெடிப்பில் 35 பேர் இறந்தார்கள். அதற்கு அப்பால், 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உப்புக் காய்ச்சிய பிரஸ்டன் தீவின் இடிந்த கூடங்கள். சாம்பல் கொட்டி நிரப்பியதால் அது இப்போது கரையோடு சேர்ந்துவிட்டது. மேலும் நடந்தால் டோரிபர்ன். சூனியக்காரி என்று பிடிக்கப்பட்டு 1704-இல் சிறையில் இறந்த லிலியாஸ் ஏடியை அந்த ஊர்க் கரையின் சேற்றில் புதைத்து, மேலே கனமான கற்பலகை ஒன்றை வைத்தார்கள். கடல் ஏறும்போது கல் மூழ்கிவிடும். எனவே இதற்குச் செல்வோர் அன்றைய கடல் வற்றும் நேரத்தைப் பார்த்துக்கொண்டு, கூரஸிலிருந்து அதற்கு இரண்டு மணி நேரம் முன்பே கிளம்பிவிடுங்கள். திரும்ப நடக்க முடியாதவர்கள் டோரிபர்னிலிருந்தே டன்ஃபெர்ம்லினுக்குப் பேருந்து பிடித்துக்கொள்ளலாம்.